மீசை வைத்த மண்வெட்டி

எங்கள் பக்கத்தில் மண்வெட்டிக்குச் சொந்தக்காரன் உண்டு, காவல்காரன் கிடையாது. வரப்பில் குத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். மடை திறக்க யாருக்கு அவசரமோ அவர் எடுப்பார். வேலை முடிந்த இடத்தில் குத்திவிட்டுப் போவார். மறுநாள் நாம்தான் தேடிப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டுவிட்டு எடுக்கிற வழக்கமே இல்லை.

என் மண்வெட்டியை மட்டும் எல்லோருக்கும் தெரியும். பிடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஒரு முகம் வரைந்து, மீசையும் வைத்திருந்தேன். ஐம்பது வயதில் செய்கிற வேலையா இது என்று மனைவி கேட்டாள்.

பக்கத்து வயல்காரர் தன் பம்புசெட்டுக்குப் புது வயர் இழுத்தார். நல்ல தடிமனான செப்புக் கம்பி. டீக்கடையில் நான் சும்மா இராமல், "இத அறுத்து வித்தா என் பொண்ணு கல்யாணமே முடிஞ்சிடும் போலருக்கே" என்றேன். கடையே சிரித்தது. நாலாம் நாள் வயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மோட்டார் கொட்டகை வாசலில் மீசை வைத்த மண்வெட்டி நின்றுகொண்டிருந்தது. வயல்காரர் புகாரில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

காலையில் ஸ்டேஷனிலிருந்து போன். "ஒரு விசாரணை, வந்துட்டுப் போங்க." அவ்வளவுதான். முதல் வேலையாக என் மீசையை மழித்தேன். மண்வெட்டிக்கும் மீசை, எனக்கும் மீசை என்றால் சந்தேகம் வலுத்துவிடுமாம். அப்படித்தான் வேலை செய்தது மூளை. பிறகு ஆதார், பட்டா, சிட்டா, பயிர்க் காப்பீட்டு ரசீது, எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்தேன்.

"ரேஷன் கார்டு எதுக்கு? ஸ்டேஷன்ல அரிசி போடுறாங்களா?" என்றாள் மனைவி.

சப்-இன்ஸ்பெக்டர் என் தங்கை மகன் வயதுதான் இருப்பார். "உக்காருங்க. பேர் சொல்லுங்க" என்றார்.

"நான் எடுக்கல சார்" என்றேன்.

"பேரு கேட்டேன்."

பெயரைச் சொல்லி, கூடவே ஹெல்மெட் போடாமல் வந்ததையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "மண்வெட்டி உங்களுது. அங்க எப்படி வந்துச்சு?"

தெரியாது சார், எங்க ஊர்ல யார் வேணாலும் எடுப்பாங்க. இதுதான் உண்மை. நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அந்த அறையில் அது எனக்கே பொய் மாதிரிப் பட்டது. வாயைத் திறந்தேன், வேறொருவர் பெயர் வந்தது. "கடைசியா அவன்தான் சார் எடுத்தான்."

நான் பெயர் சொன்னவர், என் வயலுக்கு மறுபக்கத்து நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பயிர் வைக்கிறவர். அவருடைய அப்பா பண்ணையில் கூலிக்கு உழுதவர். இவர் டிராக்டர் ஓட்டி மகனை டிப்ளமா படிக்க வைத்திருந்தார். மகன் சிங்கப்பூர் வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, போலீஸ் விசாரணைக்குக் காத்திருந்தான். இதே ஸ்டேஷன் விசாரணைக்கு. இதெல்லாம் எனக்குத் தெரியும். நேரில் 'வாங்க, போங்க' என்று பேசுகிற மனிதரைத்தான் அங்கே 'அவன்' என்றேன். அந்த வாரம் அவர் என் மண்வெட்டியைத் தொட்டு நான் பார்க்கவே இல்லை.

ஊரே எடுக்கிற மண்வெட்டிக்கு அந்த ஒரு பெயர் ஏன் வந்தது என்று பிறகு பல நாள் யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? எந்தத் தெருக்காரர் பெயரைச் சொன்னால் மேற்கொண்டு கேள்வி வராது என்று என் நாக்குக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி வரவில்லை. எனக்கு டீ வந்தது. நான் வெளியே வரும்போது அவரை வயலிலிருந்து அப்படியே கூட்டி வந்திருந்தார்கள். முழங்கால்வரை சேறு. பெஞ்சு காலியாக இருந்தும் ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்து, "அண்ணே, ஒங்களையும் கூப்டாங்களா?" என்றார். தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். அவரைச் சாயங்காலம்தான் விட்டார்கள்.

மூன்றாம் நாள் உண்மைத் திருடர்கள் வேறு ஊரில், பழைய இரும்புக் கடையில் வயரோடு மாட்டிக்கொண்டார்கள். நான் பழைய ஆளாகிவிட்டேன். டீக்கடையில் கதையை நடித்தே காட்டினேன். மழித்த மீசை, ரேஷன் கார்டு, ஹெல்மெட். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கடைசி பெஞ்சில் அந்தக் குத்தகைக்காரர் உட்கார்ந்திருந்ததைக் கதையை முடித்த பிறகுதான் பார்த்தேன்.

"எல்லாம் சொன்னீங்க. எம் பேரச் சொன்ன எடத்த மட்டும் விட்டுட்டீங்களே, அண்ணே" என்றார்.

சிரிப்பு நின்றது. அவர் எழுந்து போய் சைக்கிளை எடுத்தார், பின்னாலேயே ஓடினேன். பயத்துல வாய் தவறிடுச்சு, மன்னிச்சிடுங்க என்றெல்லாம் உளறினேன். அவர் சைக்கிளை நிறுத்தவில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? பையன் பேப்பரு அங்கதான் கெடக்கு. அங்க போய்ச் சொல்லுங்க."

போனேன். இந்த முறை பை இல்லை. "அவர் எடுத்து நான் பாக்கல சார். பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன்" என்றேன். சப்-இன்ஸ்பெக்டர், "அதான் ஆளுங்க கெடச்சிட்டாங்களே, விடுங்க" என்றார். விடாமல் எழுதிக் கொடுத்தேன். பாஸ்போர்ட் வந்தது. பையன் போய்விட்டான்.

அதோடு முடிந்திருக்கலாம். முறைத் தண்ணீர் வந்த அன்று வரப்பில் அவரும் நானுமாக ஏழெட்டுப் பேர் நின்றோம். என் மண்வெட்டி கைக்கெட்டும் தூரத்தில் குத்தியிருந்தது. அவர் அதைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, மம்பட்டிய எடுத்துக்கவா? எல்லாரும் பாத்துக்கங்கப்பா, கேட்டுட்டுத்தான் எடுக்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எடுத்துக்கங்க" என்று நான் சொல்லும்வரை காத்திருந்து எடுத்தார். மடையை அடைத்ததும் மறுபடி அதே குழியில் குத்திவிட்டுப் போனார்.

இன்றைக்கும் அப்படித்தான். பக்கத்தில் வேறு ஆளே இல்லாத நாளிலும் கேட்கிறார்.