அப்பா அனுப்பச் சொன்ன கடைசி மனு

அப்பா மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். உங்களில் பாதிப் பேர் அப்பாவிடம் ஒரு முறையாவது அடி வாங்கியவர்கள். மீதிப் பேர் எப்படியோ தப்பித்தவர்கள். அவர் ஏன் அப்படி இருந்தார் என்பதை இரு தரப்புக்கும் சொல்ல வேண்டிய கடமை மூத்த மகளான எனக்கு உண்டு.

இந்தக் கட்டுரையை முதலில் வேறு மாதிரிதான் எழுதினேன். சாந்தமும் அன்பும் நிறைந்தவர், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "யாருடி இவரு?" என்று கேட்டார். பிறகு சொன்னார்: "நடந்தத எழுது. என்னை அடிச்சதையும் எழுது. நான் ஒரு தரம் ஊனுகோலப் புடுங்கித் திருப்பிக் குடுத்தேன் இல்ல, அதையும் எழுது. இல்லன்னா வேற வீட்டு ஆளுக்குப் படையல் போட்ட மாதிரி ஆயிடும்." அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

அப்பா மரக்காணத்தில், உப்பளக் கூலிக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில் பாத்தியில் இறங்கினார். அந்த வருடமே இடது காலில் இரண்டு விரல்கள் போயின. பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவரின் இரும்பு விளிம்பு வைத்த பலகை தவறி இறங்கிவிட்டது. மேஸ்திரி ஓடி வந்து யார் போட்டது என்று கேட்டபோது, அப்பா "நானே போட்டுக்கிட்டேன்" என்றார். உப்பளத்தில் நாலைந்து பேர் சேர்ந்து செட்டுச் செட்டாகத்தான் வேலை. செட்டு ஆள் பெயரைச் சொன்னால் மறுநாள் அந்த ஆளுக்கு வேலை இல்லை. அதனால் அடிபட்டவர் யாராக இருந்தாலும் தானே போட்டுக்கொண்டதாகத்தான் சொல்லவேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பார்த்துப் பார்த்து வருவது. விரல்களை எடுத்த ஆள் அப்பாவின் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தல் போட்டாராம்.

இரண்டு விரல் இல்லாத காலை எப்படி மறைத்தாரோ, பதினெட்டு வயதில் இராணுவத்தில் சேர்ந்துவிட்டார். வடக்கே, பனி மூடிய மலையில் ஒரு காவல் அரணில் அவர் பிரிவு இருந்தது. அங்கே நடந்ததைச் சிறுவயதில் நானும் தம்பியும் நூறு முறை கேட்டிருப்போம். மற்ற வீடுகளில் நரி, காக்கா கதை. எங்கள் வீட்டில் சோறு ஊட்டும்போது இதுதான்.

விடிந்தும் விடியாத நேரம். எதிரே நிற்பவர் தெரியாத பனிமூட்டம். அப்பா துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பதுங்கு குழிக்குள் விழுந்திருந்த பனியை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார். திரும்பினால் எதிரிகள் மூன்று பேர் குழிக்குள் குதித்து நிற்கிறார்கள். துப்பாக்கிக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிறார்கள். அப்பா மண்வெட்டியைக் கீழே போடவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து உப்பு வாரிய கை. முதல் ஆளின் கழுத்தில் மண்வெட்டி இறங்கியபோது பாதிதான் இறங்கியதாம். மிதித்துப் பிடுங்க வேண்டியிருந்ததாம். இரண்டாவது ஆளின் முகத்தில் திருப்பி அடித்தார். பல் உடைந்து அப்பாவின் கையில் குத்தியது. அந்த வடுவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவார், நாங்களும் தொட்டுப் பார்ப்போம். மூன்றாவது ஆள், தன் துப்பாக்கி குளிரில் உறைந்து வெடிக்காமல் போகவே, சுவரில் சாய்ந்திருந்த அப்பாவின் துப்பாக்கியையே எடுத்து அவர் தொடையில் சுட்டான். எலும்பு வெளியே தெரிந்தது. அப்பா அந்தக் காலோடு அவன் மேல் விழுந்து கழுத்தைப் பிடித்தார். அவன் துடிப்பு அடங்கிய பிறகும் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. குளிரில் கை அப்படியே இறுகிவிட்டது. ஆட்கள் வந்துதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். "சின்னப் பையன். மீசை கூட இல்ல" என்று கடைசியில் சொல்லிவிட்டு, அடுத்த உருண்டையை ஊட்டுவார்.

தம்பி ஒரு நாள் கேட்டான்: "மூணு பேர் உள்ள வர்ற வரைக்கும் வெளிய காவல்ல நின்னவரு என்னப்பா பண்ணாரு?" சோற்றுத் தட்டு பறந்து சுவரில் மோதியது. அந்தக் கேள்வியை அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அவருடைய மேஜர் மூன்று உடல்களையும் கண்ணால் பார்த்தவர். அப்பாவுக்கு வீரப் பதக்கமும், போரில் காயம்பட்டவருக்கான பதக்கமும் என்று படைப்பிரிவு முழுவதையும் நிறுத்தி வைத்து அறிவித்தார்களாம். அப்பா அப்போது ஆஸ்பத்திரியில். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பீரங்கிக் குண்டில் மேஜரும் போய்விட்டார். கால் சரியாகாது என்று அப்பாவை வீட்டுக்கு அனுப்பியபோது கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பதக்கமும் இல்லை. காயத்துக்குக் காரணம் என்ற இடத்தில், தன் கவனக்குறைவால் தன் துப்பாக்கியே வெடித்தது என்று இருந்தது.

அதை ஊரில் ஓர் அலுவலகத்தில் யாரோ உரக்கப் படித்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் மரக்காணம் முழுக்கத் தெரிந்துவிட்டது. போர்முனைக்குப் பயந்து தன்னைத் தானே சுட்டுக்கொண்டு ஓடி வந்தவர் என்று பேசிக்கொண்டார்கள். உப்பளத்தில் ஒருவர் அதை அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அப்பா அவர் தலையைப் பிடித்துப் பாத்தித் தண்ணீரில் அழுத்தினார். நாலு பேர் சேர்ந்து இழுத்திருக்காவிட்டால் அன்றோடு ஒரு கொலை விழுந்திருக்கும். கண்ணில் உப்புத் தண்ணீர் இறங்கி அந்த மனிதர் ஒரு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். டீக்கடையில், பஸ்ஸில், கோயில் திருவிழாவில், கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில்கூட அடி விழுந்தது. தாங்கித் தாங்கி நடக்கும் மனிதர் அவ்வளவு வேகமாக எப்படிப் பாய்வார் என்பது அடிபட்டவர்களுக்கே இன்றுவரை புரியாது.

நான் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதுகிறவள். பட்டா மாற்றம், முதியோர் உதவி, வாரிசுச் சான்று, எதுவானாலும் என்னிடம் வந்தால் நடக்கும் என்று ஊரில் பேச்சு. அப்பாவின் பதிவைத் திருத்தச் சொல்லி நான் அனுப்பிய மனுக்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மருத்துவ ஆவணத்தின்படி காயம் மனுதாரரின் கவனக்குறைவால் ஏற்பட்டது என்று ஒரே பதில். ஒவ்வொரு பதிலுக்கும் வீட்டில் ஒரு பொருள் உடையும். முதல் பதிலுக்கு ரேடியோ, அடுத்ததற்குத் தண்ணீர்ப் பானை, பிறகு பின்கதவு. தம்பி செல்போனை ஒளித்து வைத்துவிட்டுத்தான் தபால்காரரிடம் கையெழுத்துப் போடுவான்.

ஒரு கட்டத்தில் எனக்கே ஆத்திரம் தாங்கவில்லை. அந்த மருத்துவ ஆவணம் என்னதான் சொல்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டேன். வந்தது. வாக்குமூலத்தின் கீழே தமிழில் அப்பாவின் கையெழுத்து. 'என் துப்பாக்கி என் கவனக்குறைவால் வெடித்தது. வேறு யாரும் பொறுப்பல்ல.'

இத்தனை வருடம் யாரோ ஒரு கிளார்க்கைத் திட்டிக்கொண்டிருந்தோம். பட்டப்பகலில் வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அவர் முன்னால் எறிந்தேன். "இது யாரு கையெழுத்துப்பா? அப்ப ஊர்ல சொன்னது நெஜமா? நீங்களே சுட்டுக்கிட்டீங்களா?"

ஊன்றுகோல் என் புருவத்தில் விழுந்தது. எனக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. ரத்தம் கண்ணை மறைத்தது. அம்மா அலறிக்கொண்டு வருவதற்குள் அப்பாவே தன் துண்டைக் கிழித்து என் தலையைக் கட்டினார். கட்டிக்கொண்டே பேசினார்.

"ஆபீசர் வந்து கேட்டாரு. உன் துப்பாக்கி அவன் கைக்கு எப்படிப் போச்சு, காவல்ல யாரு இருந்தா, அவனுங்க எப்படி உள்ள வந்தானுங்கன்னு. காவல்ல நின்னவன் கை விறைச்சுப் போச்சுன்னு அஞ்சு நிமிஷம் ஸ்டவ் கிட்ட போயிட்டான்மா. சொன்னா அவன் கதி என்ன? ஜெயிலு. கல்யாணம் நிச்சயமான பையன். நானே போட்டுக்கிட்டேன்னு சொல்லிட்டேன். வாயில தானா வந்திடுச்சு."

"பதக்கம் போயிடுமேன்னு தோணலியா?"

"அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? உப்பளத்துல சொன்னா அதோட முடிஞ்சிடும்."

"யாருப்பா அவரு?"

அதற்கு மட்டும் துண்டின் முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்துவிட்டார். பெயர் எனக்குத் தேவைப்படவும் இல்லை. கிளியனூரிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு மூட்டை மல்லாட்டை (வேர்க்கடலை) சுமந்து வருகிற சித்தப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். அப்பாவோடு ஒரே பிரிவில் இருந்தவர். எத்தனை சொன்னாலும் எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார மாட்டார். தரையில் உட்கார்ந்து, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார். அதுவரை அப்பா கை ஓங்காத ஒரே ஆண் அவர்தான்.

மறுநாள் திண்டிவனம் போய் பஸ் மாறிக் கிளியனூருக்குப் போனேன். சித்தப்பா என் தலைக் கட்டைப் பார்த்தார். "அண்ணன் அடிச்சாரா?"

"ஆமா சித்தப்பா."

நான் கொடுத்த தாளைப் படித்தார். அப்பா இப்படி எழுதிக் கொடுத்தது அவருக்கும் அன்றுவரை தெரியாது. மேஜர்தான் விஷயத்தை மூடிவிட்டார் என்று நினைத்திருக்கிறார். மடித்து என்னிடமே திருப்பி நீட்டினார். பிறகு, "அது எனக்கு விழ வேண்டிய அடிம்மா" என்றார். அவர் ஊரில் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குக் கொடி ஏற்றுகிறவர் அவர். பேரன் இராணுவத்தில் சேர ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். நடந்ததை எழுதித் தரச் சொல்லிக் கேட்கத்தான் நான் போயிருந்தேன். கேட்காமலே திரும்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் சித்தப்பாவே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "எழுதும்மா. நான் சொல்லச் சொல்ல எழுது." நான் ஆயிரம் மனு எழுதியிருக்கிறேன். அன்றுதான் எழுதும்போது அழுதேன். இடத்தை விட்டுப் போனதை மட்டும் அவர் சொல்லவில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்ததையும், கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி இருந்தும் சுட முடியாமல் நின்றதையும், அப்பா கழுத்தை நெரிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றதையும் சொன்னார். நான் தயங்கிய இடத்திலெல்லாம் "அதையும் போடு" என்றார்.

விஷயம் தெரிந்து அப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சித்தப்பா ஒரு நாள் நேரில் வந்தார். அப்பா எழுந்து, நாங்கள் தடுப்பதற்குள் ஊன்றுகோலை அவர் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. சித்தப்பா கையைத் தூக்கக்கூட இல்லை. "எந்த நாய்டா உன்னச் சொல்லச் சொன்னது? நாப்பது வருசம் நான் வாங்கின பேரெல்லாம் வீணாப் போச்சேடா" என்று அப்பா கத்தினார். "அடிச்சிட்டீங்க இல்லண்ணா. இப்ப உக்காருங்க" என்றார் சித்தப்பா. அப்பா உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு முறைதான். தோளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பிறகு சித்தப்பா எங்கள் வீட்டில் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார்.

திருத்திய பதிவு வந்தபோது அப்பா சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் இருந்தார். இரண்டு பதக்கமும் அதில் இருந்தன. போரில் எதிரியால் ஏற்பட்ட காயம் என்று இருந்தது. காது கேட்கும்படி உரக்கப் படித்தேன். முடிக்க விடாமல் கேட்டார்: "அவன் பேரு இருக்குதா?"

"இருக்குதுப்பா. காவலை விட்டுப் போனார்னு ஒரு வரி."

"அத எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுது."

"அத எடுத்தா இதுவும் போயிடும்பா."

"போனா போவட்டும். எழுதும்மா."

எழுதினேன். படித்துக் காட்டச் சொல்லி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பதினெட்டு நாள் கழித்துப் போய்விட்டார். அந்த மனுவை நான் அனுப்பவில்லை. அப்பாவின் சொல்லை நான் மீறியது அது ஒன்றில்தான்.

இனி நன்றி. அப்பாவுக்கு ஊசி போட வீட்டுக்கே வந்த செவிலியருக்கும், அவரிடம் அறை வாங்கியும் மறுநாள் வந்ததற்காக அவருக்கே இன்னொரு முறையும் நன்றி. பாடை தூக்கிய நான்கு பேரில் மூன்று பேர் அப்பாவிடம் அடி வாங்கியவர்கள். அன்று பாத்தித் தண்ணீரில் மூழ்கடிக்கப்பட்டவர்தான் முன்னால் தோள் கொடுத்தார். அவருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. எங்களுக்குச் சோறு கொண்டுவந்த கோட்டக்குப்பத்துச் சிநேகிதர்களுக்கும் நன்றி.

சுடுகாட்டில் நடந்ததை வந்திருந்த எல்லோரும் அறிவீர்கள். கொள்ளி வைப்பதற்கு முன்னால் கிளியனூர் சித்தப்பா திருத்திய பதிவைக் கேட்டு வாங்கி, தன் ஊர்க்காரர்களும் பேரனும் நிற்க, முழுவதையும் உரக்கப் படித்தார். அந்த வரி வந்தபோது நிறுத்தி, "அந்தச் சிப்பாய் நான்தான்" என்று சொல்லிவிட்டு மேலே படித்தார். யாரும் அறியாதது ஒன்று உண்டு. எல்லாம் முடிந்து திரும்பும் வழியில் அப்பாவின் கடைசி மனுவை அவரிடம் கொடுத்தேன். நின்று, கண்ணாடி போட்டு, கையெழுத்துவரை படித்தார். "இத எனக்குக் குடுத்துடும்மா" என்றார். முறிந்து கூடிய தோளை மெல்ல உயர்த்தி, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.