ஒரு ரூபாய்க்குக் கைமாறிய புகை

நான் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பது விழுப்புரத்தில், குடியிருப்பது திண்டிவனத்தில். என் ஆராய்ச்சியில் பாதியை இரண்டு ஊருக்கும் நடுவே பாசஞ்சர் ரயிலில் உட்கார்ந்துதான் யோசித்தேன். யோசிக்க வைத்தது எங்கள் தெருமுனை அரிசி மில். நெல் அவிக்க அங்கே உமியை எரிப்பார்கள். கரித்தூள் காற்றோடு வந்து எங்கள் மாடிகளில் இறங்கும். எனக்கு அது துவைத்த புடவையோடு போகிற தொல்லை. எதிர் வீட்டு அக்காவுக்கு வயிற்றுப்பாடு. அவர் மாடியில் வடகம் காயவைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். கரி விழுந்த வடகத்தை எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார்.

நான் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம் மாசு அனுமதிச் சந்தை. பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் கொட்டாவி வரும், ஆனால் விஷயம் எளிது. ஊரில் மொத்தம் இவ்வளவு புகைதான் என்று ஓர் எல்லை வைத்து, அதைப் பிரித்து மில்களுக்கு பர்மிட்டாகக் கொடுக்க வேண்டும். வடிகட்டி போட்டுப் புகையைக் குறைத்தவருக்கு பர்மிட் மிஞ்சும், அவர் விற்கலாம். குறைக்காதவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கி வாங்கிக் கையைக் கடிக்கும்போது அவரும் வடிகட்டி போட்டுவிடுவார். யாரையும் மிரட்டவும் வேண்டாம், மில்லுக்கு சீல் வைக்கவும் வேண்டாம். பல வருடங்களாக இதைப் பலகையில் கோடு போட்டு விளக்கினேன். பிள்ளைகள் பரீட்சையில் அதே கோட்டைப் போட்டு மார்க் வாங்கிக்கொண்டு போனார்கள். புகை மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் ஒரு நிதிக் குழு மனமிரங்கி, திண்டிவனம் சுற்றுவட்டார மில்களில் சோதனை செய்து பார்க்கப் பணம் கொடுத்தது. புகைபோக்கிகளில் அளவுக் கருவி, பர்மிட் வாங்க விற்க செல்போனில் ஓர் ஆப். முதலாளிகளைச் சம்மதிக்க வைக்க நான் குடித்த டீக்குக் கணக்கில்லை. அக்கா அப்போதே வீடு மாற யோசித்துக்கொண்டிருந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஒரு வருஷம் பொறுத்துக்கோங்கக்கா, அந்த மில்லு தானா அடங்கிடும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் டீச்சர்" என்று அவரும் இருந்துவிட்டார்.

முதலில் எல்லாம் கல்யாணக் களைதான். ஊருக்கு வெளியே இருந்த மில்கள் ஒவ்வொன்றாக வடிகட்டி போட்டன. பர்மிட்டுகள் மிஞ்சின. கைமாறத் தொடங்கின. நான் ஆசையாக ஆப்பைத் திறந்து விலையைப் பார்த்தேன். ஒரு ரூபாய். அடுத்ததும் ஒரு ரூபாய். எல்லாமே ஒரு ரூபாய், எல்லாமே எங்கள் தெருமுனை மில்லுக்கு. ஆப்பைச் செய்த சென்னைப் பையனை போனில் பிடித்துக் கத்தினேன்.

"ஆப் நல்லாத்தான் இருக்கு மேடம். அவங்கதான் ஒரு ரூபான்னு போடறாங்க. ஜீரோ போட்டா ஆப் ஏத்துக்காது" என்றான்.

காரணம் தெரிந்தது தெருமுனை மில்காரரின் மூத்த மகள் கல்யாண வரவேற்பில். மொய் எழுதப் போய் நின்றேன். மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், பணமா, பர்மிட்டா?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் நின்ற பிரம்மதேசம் மில்காரர் செல்போனை நீட்டி, "என்னுது பர்மிட்டு. இப்பத்தான் அனுப்பிச்சேன், வந்திடுச்சான்னு கேட்டு எழுதிக்கோ" என்றார்.

அவரை ஓரமாக அழைத்துப் போனேன். "ஏண்ணே, வித்தா நல்ல விலை வருமே?"

"இன்னாங்க டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? மச்சான் பொண்ணு கல்யாணத்த வச்சிக்கினு அல்லாடிக்கினு இருக்காரு. மண்டபத்துக்கே சரியாப் போச்சு, வடிகட்டி எங்கேர்ந்து போடுவாரு? நாங்க ஜல்தியா போட்டதே அவருக்கு மிஞ்சட்டும்னுதான். அவருகிட்டப் போயி புகைக்கு துட்டு வாங்கினேன்னா, நாளைக்கு எம் பொண்ணு கல்யாணத்துக்கு எவன் வருவான்?"

மொய்யில் வைக்கிற அந்த ஒற்றை ரூபாயைத்தான் ஆப்பிலும் வைத்திருக்கிறார்கள். என் பாடப் புத்தகங்களில் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இங்கே சந்தை முழுக்க மாமன் மச்சான். பந்தியில் உட்கார்ந்தேன். அத்தனை வருடப் படிப்பும் என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அதன் பிறகு எங்கள் தெருவில் விழுந்த கரி முன்னெப்போதும் விழாத கரி. கை நிறைய பர்மிட் இருந்ததால் மில்காரர் இரவு பகலாக ஓட்டினார். போய்க் கேட்டேன். மரியாதையாக நாற்காலி போட்டு டீ சொன்னார்.

"பர்மிட்டு இருக்குதுங்களே டீச்சர். இருந்தா விடலாம்னு நீங்கதான சொன்னீங்க? தப்பா ஒண்ணும் பண்ணலியே நானு."

"எப்போதான்ணே வடிகட்டி போடுவீங்க?"

"போடணுங்க. அப்பத்தான எனக்கும் பர்மிட்டு மிஞ்சும்? வாங்கின மொய்ய திருப்பிச் செய்யணும் இல்ல, எனக்கும் அதே பேஜாராத்தான் இருக்குது. ஆனா இன்னும் ரெண்டு பொண்ணுங்க நிக்குதே."

அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. சண்டை போடவாவது ஓர் இடம் கிடைத்திருந்தால் வயிற்றெரிச்சல் தீர்ந்திருக்கும். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

நிதிக் குழு சென்னைக்குக் கூப்பிட்டது. ஒரு மில் இத்தனை பர்மிட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று விதி சேர்க்கக் கேட்கலாம் என்று தயாராகப் போனேன். குழுவின் மூத்த பேராசிரியர் கையை உயர்த்தினார்.

"வட்டாரத்துல மொத்தப் புகை குறைஞ்சிருக்கா, இல்லையா?"

"குறைஞ்சிருக்கு சார். ஆனா மிச்சமெல்லாம் ஒரே தெருவுல."

"கைமாற்றம் நடந்திருக்கா?"

"நடந்திருக்கு சார். ஒரு ரூபாய்க்கு."

"ரொம்ப நல்லது. விலை இவ்வளவு குறைவா இருக்குன்னா, புகையைக் குறைக்கற செலவும் குறைவுன்னு அர்த்தம். அருமையான முடிவு" என்றார். நான் மொய்யைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சுவையான தகவல், அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். விதியைக் கேட்டேன். வேண்டாம், சந்தையில் கை வைத்தால் சந்தை கெட்டுவிடும் என்றார்கள். அத்தோடு திட்டத்தை விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ரோடு நெடுக, கண்டமங்கலம் வரை நீட்டி உத்தரவும் போட்டார்கள். எழுந்து வந்திருக்கலாம். நான் விலகினால் கரி விழாத தெருவில் குடியிருக்கும் யாரோ ஒருவர் நடத்துவார், நானே இருந்தால் அந்த விதியை எப்படியாவது நுழைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது போதாதென்று இன்னொரு குரங்குக்கும் மண் பிசையப் போகிறேன் என்று ரயில் முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

தெருவுக்குள் நுழைந்தபோது எதிர் வீட்டு வாசலில் குட்டியானை வண்டி. பானைகளும் பாய்களும் ஏறிக்கொண்டிருந்தன.

"போன வாரம் போட்ட சரக்கு மொத்தமும் திரும்பி வந்திடுச்சு டீச்சர்" என்றார் அக்கா. "இனிமே இங்க இருந்து இன்னா பண்றது?"

"எங்கக்கா போறீங்க?"

"கண்டமங்கலம். தங்கச்சி வூடு அங்கதான் இருக்குது. கிட்டக்க மில்லு ஒண்ணு இருக்குதாம், ஆனா மாடில கரி வுழாதுன்னு சொல்றா." வண்டியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார். "உங்க பர்மிட்டு அங்கல்லாம் வராது இல்ல?"

குரலில் குத்தல் இல்லை. ரயில் வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

"வருதுக்கா" என்றேன். "இன்னிக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அவர் காலைக் கீழே இறக்கினார். "அப்போ எங்க போறது, நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றார். வண்டிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.