தொடாத கை

என் மூத்த மகளுக்கு அப்போது மூன்றரை வயது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நான் வேலை பார்த்தேன். மனைவி வீட்டில் தீப்பெட்டி ஒட்டினாள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் துத்தம் கலந்திருக்கும், அது விஷம். அதனால் பிள்ளை தவழ ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட சொல் ‘தொடாதே’தான். சாயங்காலம் நான் வந்தாலும் அதே பேச்சு. கையெல்லாம் வெள்ளியாக வெடிமருந்துத் தூள் ஒட்டியிருக்கும். “அப்பா குளிக்கட்டும், தொடாதத்தா” என்பாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை.

பசைக்கிட்ட இருந்து தள்ளி இருக்கட்டும், வேலையும் ஓடும் என்றுதான் பால்வாடியில் சேர்த்தோம். படிப்பைப் பற்றி நினைக்கவேயில்லை. ஒரு மாதம் கழித்து டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

“நல்லாப் பாடுறா, சொன்னா புரிஞ்சுக்கிறா. ஆனா ஒரு சாமானைத் தொட மாட்டேங்குறாண்ணே. சோத்துல கூடக் கை வைக்கல. நாங்கதான் ஊட்டுறோம்.”

வீட்டிலும் நாங்கள்தான் ஊட்டினோம், அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. பிள்ளைக்கு ஏதோ குறை என்று மனைவி ராத்திரியெல்லாம் அழுதாள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டோம்.

மழையால் ஆலைக்கு லீவு விட்ட நாளில் நானே பால்வாடிக்குப் போய்ப் பார்த்தேன். கூடை நிறைய மரக்கட்டைகள். மற்ற பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போயின. என் மகள் ஆசையாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்திருந்தாள். குறை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. டீச்சரிடம் வீட்டு நிலவரத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஈரக் களிமண் உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“நீங்க பிசைங்கண்ணே, அவ பார்க்கட்டும்.”

தரையில் உட்கார்ந்து பிசைந்தேன். மகள் பக்கத்தில் வந்து என் கையையே பார்த்தாள்.

“அப்பா, குளிச்சிட்டியா?”

“குளிச்சிட்டேன் தாயி.”

“இது பசையா?”

“இல்லத்தா, மண்ணு. தொடு.”

நான் அவளிடம் ‘தொடு’ என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நெடுநேரம் கழித்து ஒரு விரலை நீட்டி, மண்ணைக் குத்திவிட்டு இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் டீச்சர்தான். நாளுக்குக் கொஞ்சமாக, அவசரப்படுத்தாமல். வீட்டில் எதைத் தொடக்கூடாது, அங்கே எதைத் தொடலாம் என்று பிள்ளைக்குப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளையை ஆபத்தில்லாமல் வைத்திருந்தால் வளர்த்ததாக ஆகிவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கை நீட்டிப் பழகவும் அதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் ஒற்றை அறை வீட்டில் அந்த இடம் இல்லை.

சில வாரம் போயிருக்கும். மகளைக் கூப்பிட நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“உங்க மகள்ட்ட சொல்லி வைங்க. இன்னொரு புள்ள வச்சிருந்த யானைப் பொம்மையைப் புடுங்கிட்டா. அது அழுது ஊரைக் கூட்டிருச்சு.”

மனைவி கேட்டாள்: “எந்தக் கையால டீச்சர்?”

“இதென்னக்கா கேள்வி? ரெண்டு கையாலயுந்தான்.”

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.