துண்டு போட்ட சீட்

உங்கள் அத்தை எந்த நாட்டில் டென்னிஸ் ஆடினாலும், ஆட்டம் தொடங்கும் முன் தன் நாற்காலியில் ஒரு பழைய கட்டம் போட்ட துண்டை விரித்து வைப்பாள். அதை வீடியோவில் பார்த்துவிட்டு, "ராசியான துண்டாப்பா?" என்று கேட்டீர்கள். ராசியெல்லாம் இல்லை. அது சீட் பிடித்த துண்டு. நான் ஐந்தாவது படிக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா அப்போது பன்னிரண்டாவது. செஞ்சியில் டென்னிஸ் ஆட இடம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் எங்கிருந்தோ வாங்கி வந்த இரண்டு ராக்கெட்டுகள் மட்டும் இருந்தன. அதில் ஒன்று எப்போதும் அக்காவிடம் இருக்கும். எங்கள் தெருவுக்குப் பின்னால், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே கோட்டையின் வெளிமதில் ஓடுகிறது. அதுதான் அவளுக்கு எதிராளி. அந்த மதிலில் ஒரு கல் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், ஒரு கல் உள்ளே போயிருக்கும். நேராக அடித்த பந்து கோணலாகத் திரும்பி வரும். எந்தப் பக்கம் வரும் என்று மதிலுக்கே தெரியாது. அக்கா எப்படியோ அங்கே போய் நிற்பாள்.

"இன்னாம்மா, கோட்டய இடிச்சிட்டுத்தான் வூட்டுக்குப் போவியா?" என்று கேட்பார் கொல்லைக்காரர்.

"பீரங்கி வெச்சே இடியலயாம். என் பந்துலயா இடியப் போவுது?" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பந்தை அடிப்பாள்.

நைனா, அதாவது உங்கள் தாத்தா, மண்டியில் மூட்டை தூக்கினார். மல்லாட்டை மூட்டைக்குக் கீழே தலையில் சும்மாடாக வைப்பது அந்தக் கட்டம் போட்ட துண்டைத்தான். வேலை இல்லாத நேரத்தில் அது தோளில் கிடக்கும். பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கக்கத்துக்குப் போய்விடும். டீச்சர் நாற்காலியைக் காட்டினால், "பரவால்ல டீச்சர்" என்று கதவோரமே நின்றுகொள்வார். டீக்கடையிலும் பெஞ்சு காலியாக இருக்க, நின்றபடிதான் குடிப்பார். அவருக்கு நிற்பதுதான் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

சென்னையில் ஒரு பெரிய போட்டிக்கு டீச்சர் அக்காவின் பெயரைக் கொடுத்திருந்தார். முதல் சுற்றைத் தாண்டினால் அங்கேயே விடுதியில் தங்கிப் பயிற்சி எடுக்கலாம். தாண்டாவிட்டால், பரீட்சை முடிந்ததும் ராக்கெட்டைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். வேறு ராக்கெட் வாங்க எங்களுக்கு வழியில்லை. அக்கா அந்த வாரம் ராக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

போட்டிக்கு முந்தின நாள் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். முகம் சரியில்லை.

"அண்ணே, லிஸ்ட் வந்துடுச்சு. நம்ம பொண்ணுக்கு சீட் இல்ல. மொத ரவுண்டே ஒண்ணாம் சீட்டு கூட மோதணும்."

டென்னிஸில் பலசாலிகள் ஆரம்பத்திலேயே ஒருவரோடு ஒருவர் மோதித் தீர்ந்துவிடக் கூடாது என்று அவர்களைத் தனித்தனியாகப் பிரித்துப் போடுவார்கள். அப்படிப் பிரித்தவர்களை விதை என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'சீட்' என்கிறார்கள். டீச்சர் சொன்னது அந்த சீட். நைனாவுக்குத் தெரிந்தது பஸ்ஸில் இருக்கிற சீட்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "என் பொண்ணுக்கு ஏன் சீட் இல்லன்றாங்க? அதையும் பாத்துடலாம்" என்றார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. டீச்சர் விளக்க வாயெடுத்தார். நைனா அதற்குள் சட்டையைத் துவைக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடிகாலை, முதல் பஸ். நிலையத்துக்குள் பஸ் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இரண்டு பேர் சீட்டைப் பிடித்துவிட்டார் நைனா. அதில் அக்காவையும் டீச்சரையும் உட்காரவைத்தார். நான் அக்கா மடியில். அவர் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தார்.

மைதானத்தில் எங்களைத் தவிரக் கூட்டமே இல்லை. நாலாப் பக்கமும் காலி நாற்காலிகள். நைனா எதையும் பார்க்காமல் நேராகக் கோர்ட்டுக்குள் போனார். ஆட்டக்காரர்களுக்கு வலை ஓரமாக இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வேப்பமர நிழல் விழுந்த நாற்காலியில் துண்டை விரித்தார்.

"நைனா, மானத்த வாங்காத. வெளிய வா" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"நீ கம்முனு இரு. கும்பல் வந்துட்டா அப்புறம் கெடைக்காது."

ஆட்ட நடுவர் வந்து, இது யாருடைய துண்டு என்று கேட்டார்.

"என்து சார். எங்க பொண்ணுக்கு சீட் இல்லன்னு சொன்னாங்களாம். அதான் முன்னாடியே வந்து புடிச்சிட்டேன்."

நடுவர் துண்டைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்றார். ஒன்றாம் சீட்டுப் பெண் ஆறு ராக்கெட் கொண்ட பையோடு வந்தாள். துண்டு கிடப்பதைக் கண்டு, மறுபேச்சில்லாமல் வெயிலில் இருந்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

முதல் செட்டை அக்கா இரண்டுக்கு ஆறு என்று தோற்றாள். நான் ராக்கெட் போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். டீச்சர் நகத்தைக் கடித்தார். நைனா மட்டும் கம்பி வலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். "உக்காரு நைனா" என்று இழுத்தேன். "இருடா" என்றார்.

இரண்டாவது செட்டில்தான் அந்தப் பெண்ணுக்கு ஒன்று புரிந்திருக்க வேண்டும். எங்கே அடித்தாலும் பந்து திரும்பி வருகிறது. ஓரத்தில் அடித்தால் அக்கா ஓரத்தில் இருக்கிறாள், வலைக்குப் பக்கத்தில் போட்டால் அங்கே இருக்கிறாள். ஏழுக்கு ஐந்து. மூன்றாவது செட்டில் ஐந்துக்கு நான்கு என்று அக்கா முன்னால் போனாள். கடைசிப் பாயிண்ட்டில் அந்தப் பெண் பலமாக அடித்த பந்து வலை நுனியில் பட்டு, துள்ளி, சம்பந்தமில்லாத பக்கம் விழப் போனது. வேறு யாராக இருந்தாலும் நின்று பார்த்திருப்பார்கள். அக்காவுக்கு அது வெளிமதிலின் துருத்திய கல்லில் பட்ட பந்து. நாலே எட்டில் போய் எடுத்து, ஆளில்லாத மூலைக்கு அனுப்பினாள்.

ராக்கெட் பிழைத்தது.

விடுதிக்குப் போன பிறகும் எதுவும் சுலபமாக நடக்கவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் இறங்கிய முதல் வருடம் முழுவதும் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினாள். தன் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டத் தானே கற்றுக்கொண்டு, மற்ற பெண்களுக்கும் கட்டிக் கொடுத்து ரயில் டிக்கெட் எடுத்தாள். உலகத் தரவரிசையில் பெயர் வருவதற்கு மூன்று போட்டிகளிலாவது தரவரிசைப் பாயிண்ட் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வருடம் ஆனது. அப்புறம் தாய்லாந்து, எகிப்து, உஸ்பெகிஸ்தான் என்று பதினோரு வருடம். நம் வீட்டு அலமாரியில் நீங்கள் கைபடாமல் பார்க்கும் பதிமூன்று கோப்பைகளும் அப்படி வந்தவை.

ஒரு நாள் தாய்லாந்திலிருந்து போன் வந்தது. "நைனா, எனக்கு சீட் குடுத்துட்டாங்க" என்றாள். நைனாவுக்கு அதற்குள் எல்லா அர்த்தமும் தெரியும். இருந்தாலும், "ஜன்னலோரமா பாத்து உக்காரு பாப்பா" என்றார். இருவரும் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

அந்த முதல் ஆட்டத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஜெயித்ததும் அக்கா குதிக்கவில்லை. எதிராளிக்குக் கைகொடுத்துவிட்டு நேராகக் கம்பி வலைக்கு வந்தாள். கதவைத் திறந்து, நைனாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். துண்டு விரித்த அந்த நாற்காலியைக் காட்டினாள்.

"பரவால்ல பாப்பா" என்றார் நைனா.

"நீ புடிச்ச சீட்டு. உக்காரு."

நடுவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றாம் சீட்டுப் பெண்ணும் பையைக் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நைனா நாற்காலியின் நுனியில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு அக்கா அவர் தோளை அழுத்தினாள். முதுகு சாயும் வரை அழுத்தினாள். போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இரண்டு உள்ளங்கைகளும் முட்டியில் இருந்தன. கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கத் துண்டைத் தேடினார். அது அவருக்குக் கீழே இருந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு நேரம் நின்றதில் கால் வலிக்கிறது போல, அதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.