மறியல் வாரத்தில் ஒரு நுழைவுத் தேர்வு

தேர்வுக்குப் படிக்க வேண்டாம் என்ற யோசனை, சேலம் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் சாய்ந்தபோதுதான் எனக்கு வந்தது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் மறியல் செய்த வாரம் அது. ரம்பத்தோடு முன்னால் நின்றவர் என் தாய்மாமன். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பஸ்கூட நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சேலத்தில் எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வு.

"பஸ்ஸே இல்லன்னா பரீட்சை எப்பிடி மாமா நடக்கும்?"

"நடக்காது மாப்ள. தள்ளி வெப்பான். உன்னாட்டம் புள்ளைங்களுக்கு சீட்டு கெடைக்கத்தான இத்தினி மரம் வெட்டிக்கினு இருக்கோம்?"

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். எங்கள் சாலை அடைபட்டால் தமிழ்நாடே அடைபட்ட மாதிரி. கல்யாணங்களே தள்ளிப் போயிருந்தன, பரீட்சை எம்மாத்திரம்? கைடை மூடி வைத்துவிட்டு மறியலை வேடிக்கை பார்க்கப் போனேன். கம்ப்யூட்டரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் படித்தால் அதைத்தான் படிப்பது என்று வீட்டில் சண்டை போட்டிருந்தேன். அப்பா ஒரே ஒரு தேர்வுக்குச் சம்மதித்தார். சீட் கிடைக்காவிட்டால் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில், கரும்பு எடை போடும் இடத்தில் வேலை. ஆலையில் தெரிந்த ஆளிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் கல்லூரி நண்பன் சைக்கிளில் வந்து இறங்கினான். "இன்னாடா, இன்னும் வூட்ல குந்திக்கினு இருக்க? தள்ளி வெக்கலடா! ரேடியோல சொல்லிட்டான்."

மறியல் நடந்த இடத்துக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் மாமா ரம்பத்தைத் தான் வெட்டிய மரத்தின் மேலேயே வைத்தார். பிறகு போய் மொபெட்டை எடுத்தார். "ரோட்டுப் பக்கம் வேணாம். மலை மேல போயிடலாம், ஏறு."

கூட்டத்தில் ஒருவர் விடவில்லை. "இன்னா அண்ணே, ஊரையே நிறுத்திட்டு நீங்க மட்டும் வண்டில போறீங்க?"

"மாடு பாக்கப் போறேன்டா."

"பின்னால குந்தியிருக்குதே, அதுவா?"

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏற ஏற, வண்டி எங்களைச் சுமந்ததைவிட நாங்கள் அதைத் தள்ளியதுதான் ஜாஸ்தி. ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிய அவசரத்தில் கைடை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

"பரீட்சைல இன்னா கேப்பான்?" என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"தெரியல மாமா."

"அப்ப ஏன் படிக்கல?"

"நீங்கதான நடக்காதுன்னீங்க."

அதன்பிறகு கருமந்துறை வரை ஏற்றம் வந்தபோதெல்லாம் அவரே தனியாக வண்டியைத் தள்ளினார். மலைக்கு அந்தப் பக்கம் மறியல் இல்லை; அங்கே இரவு தங்கி, வண்டியை விட்டுவிட்டு, காலை பஸ்ஸில் சேலம் போய் இறங்கினோம்.

தேர்வுக் கூடம் காலியாக இருக்கும் என்ற நப்பாசை எனக்கு மிச்சமிருந்தது. உள்ளே ஓர் இடம்கூடக் காலியில்லை. மதுரையிலிருந்து வந்தவன், கோயம்புத்தூரிலிருந்து வந்தவன், எல்லோரும் தேய்த்த சட்டையில் இருந்தார்கள். ஒருவன்கூட மறியலைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வாரமாக நாங்கள் எதைத்தான் நிறுத்தி வைத்திருந்தோம் என்று எனக்குப் புரியவில்லை.

பி.எஸ்சி.யில் படித்த கணக்கு எதையுமே கேட்கவில்லை. எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு இடப்பக்கம் யார் என்று கேட்டிருந்தது. நான் உட்கார வைத்தபோதெல்லாம் ஒருவனுக்கு நாற்காலி இல்லாமல் போனது. இன்னொரு கேள்வி இரண்டே வினாடியில் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக இருக்குமா என்று பயந்து விடையை மாற்றினேன். கடைசியில், சும்மா விடுவானேன் என்று தெரியாத கேள்விகளுக்கும் விடைத்தாளில் ஏதோ ஒரு வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கிவிட்டு நிமிர்ந்தேன். அப்போதுதான் வினாத்தாளின் முதல் பக்கத்தைப் படித்தேன். தப்பான விடைக்கு மார்க் கழிப்பார்களாம்.

ரப்பரை எடுத்தேன். எது தெரிந்து போட்டது, எது குருட்டாம்போக்கில் போட்டது? இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரிந்தன. நாலைந்தை அழித்தேன், அழித்ததும் அவைதான் சரியென்று தோன்றியது. மறுபடி கறுப்பாக்கும்போது மணி அடித்துவிட்டது.

வாசலில் மாமா நின்றிருந்தார். "கெடைக்குமா?"

"தெரியல மாமா."

"நாம கேக்கற ஒதுக்கீடு வந்துட்டா?"

"அதுவும் தெரியல மாமா. திருச்சில இதே படிப்புக்கு இன்னொரு பரீட்சை இருக்குதாம், பக்கத்துல இருந்தவன் சொன்னான். நாளைக்குள்ள அப்ளிகேஷன் நேர்ல குடுக்கணும். அப்பாதான் ஒண்ணுக்கு மேல ஒத்துக்க மாட்டாரு."

"நான் சொன்ன சொல்லால கெட்டது இது, கணக்குல சேராது. மச்சாங்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றவர், எதிரில் வந்தவரை நிறுத்தி, திருச்சிச் சாலையில் மறியல் ஏதாவது உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தார். நான் திருச்சி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன்.