அக்கா மாதாவிடம் கேட்டது

அத்தான் இறந்த மறுவருஷம் ஆவணி மாதம், வேளாங்கண்ணிக்கு நடந்து போகப்போவதாக அக்கா சொன்னாள். வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

அத்தான் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தார். ஒரு மத்தியானம் அந்த அறை வெடித்தது. மதுரை ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டில், கொசுவலைக்குள் படுக்க வைத்திருந்தார்கள். முகம் மட்டும்தான் அவருடையதாக மிஞ்சியிருந்தது. அக்கா வராந்தாவில் முழங்காலில் நின்று, "மாதாவே, அவியளப் பிழைக்க வையி. உன் கோவிலுக்கு நடந்தே வாரேன்" என்று வாய்விட்டு நேர்ந்துகொண்டாள். நானும் அவளுடைய மாமியாரான அத்தையும் பக்கத்தில் நின்று கேட்டோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை. கோவில்பட்டிக்குப் பெட்டியில்தான் கொண்டுவந்தோம். அதைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் அத்தை கத்தினார். "எம்புள்ளையக் காப்பாத்தாதவளுக்கு என்னட்டி நேர்ச்சை? எந்த மொகத்த வச்சிக்கிட்டு அங்க போவ?" சுவரில் இருந்த மாதா படத்தை அவர் எப்போதோ கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

பங்குச் சாமியாரும் வீட்டுக்கு வந்தார். "நீ கேட்டது நடக்கலியேம்மா. அந்த நேர்ச்சை உன்னக் கட்டாது" என்றார்.

"கட்டும் சாமி" என்றாள் அக்கா.

நான் துணைக்குப் போனது பக்தியால் அல்ல. அந்த ஒரு வருஷமும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நல்ல சேலைகளை எல்லாம் அக்கம்பக்கத்தில் எடுத்துக் கொடுத்திருந்தாள். வேளாங்கண்ணியில் கடல் இருக்கிறது. அதை நினைத்துத்தான் நடந்து போகிறவர்கள் கட்டும் காவிச் சேலையை நானும் எடுத்துக் கட்டினேன்.

காலைப் பூசை முடிந்ததும், ஊரிலிருந்து நடக்கும் கூட்டத்தோடு புறப்பட்டோம். முன்னால் மாதா சொரூபம் வைத்த வேன், அதில் ஒலிபெருக்கி, பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நாங்கள். எட்டயபுரம் தாண்டியதும் நிழல் என்று ஒன்றும் இல்லை. உழுதுபோட்ட கரிசல் மழைக்காகக் காத்துக் கிடந்தது. காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. விளாத்திகுளத்துக்குள் போகும்போதே என் இரண்டு காலிலும் கொப்புளம். அக்கா செருப்பே போடவில்லை. அவள் பாதத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

உட்காரும் இடங்களில் ஆளாளுக்குத் தாங்கள் நடக்கும் காரணத்தைச் சொல்வார்கள். ஒருவருக்குக் குழந்தை இல்லை. ஒருவர் குடியை விட்டிருந்தார், திரும்பவும் தொட்டுவிடுவோமோ என்ற பயத்தில் வருஷா வருஷம் நடந்தார். ஒரு அம்மாவுக்கு மகளின் மார்பில் கட்டி. அக்காவின் கதை ஊருக்கே தெரியும். "கேட்டது கெடைக்காமலும் நடக்குதாவ பாரு, அதுதான் விசுவாசம்" என்று அந்த அம்மா எல்லோரிடமும் அவளைக் காட்டிச் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்தேன்.

தொண்டிக்கு அப்பால் ஒரு கோவில் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. எல்லோரும் அசதியில் படுத்துவிட்டார்கள். நான் அவள் காலைக் கழுவி மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, எல்லாரும் நெனைக்கிற மாதிரி இல்ல. நான் கேட்டது நடந்துச்சு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மொதல்ல பிழைக்க வையின்னுதான் கேட்டேன். நீங்கள்லாம் கேட்டிய. பொறவு ஒரு நாளு கட்டு மாத்துதப்ப என்னைய உள்ள விட்டாவ. வாயில துணிய வச்சிக்கிட்டு அவிய கத்துதாவ. என்னையப் பாத்ததும் துணியத் துப்பிட்டு, 'என்னைய விட்ரச் சொல்லுட்டி'ன்னாவ. வெளிய வந்து மாத்திக் கேட்டேன். எடுத்துக்கோ தாயே, இன்னைக்கே எடுத்துக்கோ, நான் நடந்து வாரேன்னு. சாயங்காலமே எடுத்துட்டா."

மருந்துக் குழாயை மூடவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

"கேட்டதக் குடுத்துட்டாள்லா. நான் குடுக்காண்டாமா?" என்றாள்.

அதன்பின் வேளாங்கண்ணி வரை பக்கத்தில் ஜெபமாலை சொல்லும் குரல்களோடு என் வாய் சேர்ந்துகொண்டது, மனம் அந்த வார்டுக்குள்ளேயே நின்றது. அங்கே கோவிலுக்குப் போகும் மணல் பாதையை அக்கா முழங்காலிட்டே கடந்தாள். பிறகு குளிக்கக் கடலுக்குள் இறங்கினாள். நான் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"விடுட்டி. சாவுததுக்கா இம்புட்டுத் தூரம் நடந்து வந்தேன்?" என்றாள்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. அவள் உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

"நேர்ச்சைய முடிச்சிட்டேன் சாமின்னேன். என்ன நேர்ச்சைன்னு கேட்டாரு, சொன்னேன். ஒன் பாவத்த ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, சமாதானமாப் போன்னுட்டாரு. நான் பாவம்னு சொல்லவே இல்லியே" என்றாள். சொல்லிவிட்டு, கோவில் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அத்தானை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

நடந்து போய்வந்தால் மனசு லேசாகிவிடும் என்று எங்கள் சனங்கள் சொல்வார்கள். சிலருக்கு அப்படித்தான் ஆகிறது, கண்ணால் பார்த்தேன். அக்காவுக்கு ஆனது வேறு. அவளால் அதற்கு மேல் அதை மறைத்து வைத்துக்கொள்ள முடியவில்லை. பஸ்ஸில் ஊர் திரும்பிய அன்றே, மாதா கோவில் எண்ணெயை அத்தை கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னாள். நான் தடுக்கப் பார்த்தேன், கேட்கவில்லை.

அத்தை கத்துவார் என்று நினைத்தேன். எண்ணெயைக் கீழே வைத்துவிட்டு, "அவனே கேட்டானா?" என்றார்.

"கேட்டாவ அத்த."

"எங்கிட்ட ஏன் கேக்கல? பெத்தவ வெளியத்தான நின்னேன்?"

மறுநாள் அத்தை தன் துணிகளை எடுத்துக்கொண்டு தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்கா இப்போது தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். ஞாயிறு பூசை முடிந்ததும் தூத்துக்குடிக்குப் போன் போடுவாள். நாத்தனார்தான் எடுப்பாள். "அம்மா தூங்குதாவ மதினி" என்பாள். சரி, எழும்பினதும் சொல்லு என்று வைத்துவிட்டு அக்கா சமைக்கப் போவாள்.