பேரைச் சொன்னால்தான் தோசை

‘கல்லின் நடு எதுவென்று கைக்குத் தெரிந்த பிறகுதான் தீ.’ ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் என் டைரியில் இருக்கும் வரி இது. சொன்னவர், பார்வை இழந்த பெரியவர்களுக்கு அன்றாட வேலைகளை மறுபடி கற்றுத்தரும் ஆசிரியை. பசுமலையிலிருந்து பஸ் பிடித்து, வில்லாபுரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு வருவார்.

அக்கா வீட்டு வாசலில் தோசைக்கடை வைத்திருந்தாள். சர்க்கரை நோய் இரண்டு கண்களையும் கொண்டுபோன பிறகு மகன் அவளை அடுப்புப் பக்கம் விடவில்லை. கடையை அவனே நடத்தினான். அக்கா உள்ளே கட்டிலில் உட்கார்ந்தபடி, சத்தத்தைக் கேட்டே “மாவு தண்ணியா இருக்குடா” என்பாள். மறுபடி அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும், அவள் ஆசை அவ்வளவுதான்.

ஆசிரியை முதலில் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. ஆறிய கல்லில் வெறுங்கரண்டியால் வட்டம் போடச் சொன்னார். அது பழகியபின் மாவு, அதற்கப்புறம்தான் தீ. ஊற்றியதும் எழும் சீற்றம் அடங்குவதைக் கேட்டுத் திருப்ப வேண்டும். ஒருநாள் அக்கா விரலைச் சுட்டுக்கொள்ள, மகன் பாய்ந்து வந்தான்.

“நீங்க ஒரு தடவகூட சுட்டுக்கிட்டதில்லையாண்ணே?” என்றார் ஆசிரியை. அவன் நின்றுவிட்டான்.

அடுப்பைவிடச் சங்கடம் தந்தவர்கள் பார்க்க வந்தவர்கள். எதிரில் நின்று, “நான் யாருன்னு சொல்லு பாப்போம்” என்பார்கள். பாசம்தான். அக்கா தப்பாகச் சொல்லிவிட்டால் ஓர் உச்சுக்கொட்டல். அன்றைக்கு அதன்பிறகு அவள் கரண்டியைத் தொடமாட்டாள்.

“நீங்க எதுக்கும்மா கண்டுபிடிக்கணும்? பேரைச் சொல்றது வந்தவங்க வேலை.”

“மூஞ்சில அடிச்சாப்ல இருக்காதா டீச்சர்?”

“சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க.”

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் மட்டும் அக்கா கடையில் தோசை ஊற்ற மகன் சம்மதித்தான். “ஒண்ணு கருகுனாலும் கரண்டியக் குடுத்துரணும்மா” என்ற நிபந்தனையோடு.

முதலில் வந்தவர் அடுத்த தெரு ஆட்டோக்காரர். ‘நான் யாரு’ என்று கேட்பதில் எல்லாரையும் மிஞ்சியவர். அன்று வாய் திறக்காமல் நின்றார். கல்லில் மாவு சீறிக்கொண்டிருந்தது. மகன் ஏதோ சொல்லப் போனான். நான் அவன் தோளைப் பிடித்தேன்.

“யாரு நிக்கிறது?”

அக்கா காதை அந்தப் பக்கம் சாய்த்தாள்.

“மூச்சு விடுறது கேக்குதப்பா. கண்டுபிடிக்கிற வேலையெல்லாம் நான் விட்டாச்சு. பேரச் சொன்னாத்தான் தோசை.” சிரித்தபடியே திருப்பினாள். முழுசாகப் புரண்டது, நல்ல முறுகல் நிறத்தில்.

“ஆட்டோக்காரன் மதினி! இம்புட்டு கெத்தா?”

“ஆட்டோவுக்கே பேரு எழுதி வச்சிருக்க. ஒனக்கு இல்லையா?”

அவர் பெயரைச் சொன்னார். மகன் சிரித்துக்கொண்டே சட்னி எடுக்கப் போனான். கரண்டியை அவன் திருப்பிக் கேட்கவில்லை. இப்போது அந்தக் கடைக்கு யார் வந்தாலும் முதலில் பெயரைச் சொல்கிறார்கள், நான் உட்பட.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த மனிதர் பேசாமல் நிற்கக்கூடியவரே அல்ல. அன்று மதியம் ஆசிரியை அவரோடு தெருமுனையில் பேசிக்கொண்டிருந்ததாக மகன் சொல்கிறான். ஆசிரியையிடமே கேட்டேன். “தோசை நல்லா வந்துச்சா சார்?” என்று திருப்பிக் கேட்டார். ஆட்டோக்காரர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார். அவரைப் பேசாமல் நிற்கச் சொல்லி அனுப்பியது ஆசிரியைதானா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.